லாக் போட்ட லீவரும் சுருதியும்

அன்புள்ள ஐயா,

சிறு வயதில் சித்திரவீணை கற்றவன் நான். அண்மையில் உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து பழைய பெடல் ஸ்டீல் கிட்டார் (பெடல்களாலும் முழங்கால் லீவர்களாலும் தந்திகளின் சுருதியை ஏற்றி இறக்கி வாசிக்கும் வாத்தியம்) ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பன்னிரண்டு தந்திகள், ஈ9, பி6 என்ற இரண்டு சுருதி அமைப்புகளையும் ஒரே வாத்தியத்தில் தரும் யூனிவர்சல் டியூனிங். ஈ தந்திகளை டி ஷார்ப்புக்கு இறக்கும் முழங்கால் லீவரில், அதை அழுத்திய நிலையிலேயே பிடித்து வைக்கும் ஒரு லாக் இருக்கிறது. அதைப் போட்டால் ஈ9 டியூனிங் பி6 ஆகிவிடுகிறது. ஆனால் லாக் போட்டபின் அந்தத் தந்திகள் சற்று ஏறியே ஒலிக்கின்றன. பிருடையைத் திருப்பிச் சரிசெய்தால், லாக்கை எடுத்ததும் ஈ குறைந்துவிடுகிறது. இந்த லாக் தேவைதானா? முழங்காலாலேயே அழுத்திப் பிடித்து வாசிக்கக் கூடாதா?

ஆர்., பெரம்பூர்

அன்புள்ள ஆர். அவர்களுக்கு,

முதலில், பிருடையை விட்டுவிடுங்கள். வீணை பழகிய கை அங்கேதான் போகும் என்றாலும், இந்த வாத்தியத்தில் ஒரே தந்திக்குச் சுருதி சேர்க்கும் இடங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. லீவர் எதுவும் அழுத்தப்படாத நிலையில் ஒலிக்கும் ஈயைப் பிருடையில் சேர்க்க வேண்டும். லீவர் இறக்கிக் கொடுக்கும் டி ஷார்ப்பை, வலக்கைப் பக்கத்தில், லீவரின் அசைவைத் தந்திகளுக்குக் கடத்தும் ராடுகளின் நுனியில் இருக்கும் நைலான் திருகில் சேர்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள். லாக்கைப் போடாமல் முழங்காலால் லீவரை அதன் எல்லை வரை அழுத்தி, 4-ஆம், 8-ஆம் தந்திகளை மீட்டி, டியூனர் காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்பு லாக்கைப் போட்டு, காலை முழுவதும் எடுத்துவிட்டு, மறுபடி மீட்டுங்கள். இரண்டு முறையும் ஒரே அளவில் ஏறியிருந்தால் திருகை மட்டும் சரிசெய்தால் போதும். லாக்கில் மட்டும் ஏறியிருந்தால், லாக் லீவரை எல்லை வரை கொண்டுபோகாமல் மயிரிழை முன்னதாகவே பிடித்து நிறுத்துகிறது என்று பொருள். அப்போது திருகைத் தொட்டால், முழங்காலால் அழுத்தும்போது தந்தி கூடுதலாக இறங்கிவிடும். ஆகவே லாக் பிடிக்கும் இடத்தைத்தான் சரிசெய்ய வேண்டும். தாங்கள் சொல்வதைப் பார்த்தால் இதுவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது காது சம்பந்தப்பட்டது. டியூனரின் முள்ளை நடுவில் நிறுத்தி ஜி ஷார்ப்பைச் சேர்த்தால், அது சுத்தமான அந்தர காந்தாரத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) உயர்ந்து நிற்கும். சித்திரவீணை கேட்டு வளர்ந்தவருக்கு அது உறுத்தாமல் இராது. ஈயை ஷட்ஜமாக வைத்து, பியைப் பஞ்சமமாகவும் ஜி ஷார்ப்பை அந்தர காந்தாரமாகவும் காதால் சேருங்கள். பிறகு லாக்கைப் போட்டு, கிரக பேதம் செய்வதுபோலப் பியை ஷட்ஜமாக்கிக்கொண்டு, டி ஷார்ப்பை அதன் அந்தர காந்தாரமாகச் சேருங்கள். முன்பு காந்தாரமாக இருந்த ஜி ஷார்ப், பிருடையைத் தொடாமலேயே, புதிய ஷட்ஜத்துக்கு 5/3 விகிதத்தில் சதுஸ்ருதி தைவதமாக வந்து நிற்பதைக் கேட்பீர்கள். இந்தப் பொருத்தம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. எஃப் ஷார்ப் மட்டும் தொல்லை கொடுக்கும். பி6-இல் சுத்தப் பஞ்சமமாக நிற்கும் அதே தந்தி, பி தந்தியை ஏ பெடல் ஏற்றிக் கொடுக்கும் சி ஷார்ப்போடு சேரும்போது ஏறத்தாழ 22 சென்ட் உரசும். இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனி, லாக் தேவைதானா என்ற கேள்வி. பெடல்கள் தொடக்கத்தில் பெரும்பாலும் ஒரு டியூனிங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கே பயன்பட்டன. 1954-இல் வெளிவந்த, அமெரிக்கப் பாடகர் வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாடலில், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டீல் கிட்டார் கலைஞர் பட் ஐசக்ஸ் பெடலை மிதித்து ஸ்வரம் நகர்வதை எல்லாரும் கேட்கும்படி செய்தார். அந்த நகர்வே பிறகு இந்த வாத்தியத்தின் குரலாயிற்று. லாக், லீவரைப் பழைய வேலைக்குத் திருப்பி அனுப்புகிறது. லாக் போட்டிருக்கும்வரை, ஈ9-இல் ஷட்ஜத்திலிருந்து காகலி நிஷாதத்துக்கு இறங்கும் வழி இல்லை. பி6-இல் முழங்காலைத் தளர்த்தினால் காந்தாரம் சுத்த மத்யமத்துக்கு ஏறுமே, அதுவும் இல்லை. இந்த இரண்டு அசைவுகளையும் இழந்து கற்கத் தொடங்குவது பெரிய நஷ்டம் என்பது என் உறுதியான கருத்து. எனவே இப்போதைக்கு முழங்காலாலேயே பிடித்து வாசியுங்கள். வலி எடுத்தால் இருக்கையின் உயரத்தை மாற்றிப் பாருங்கள்.

லாக்குக்கு நியாயமான வேலை ஒன்று உண்டு. ஒரே முழங்காலால் இடப்பக்க லீவரையும் வலப்பக்க லீவரையும் ஒரே நேரத்தில் தள்ள முடியாது. ஒரு பாடல் முழுவதும் பி6-இல் இருந்து, எதிர்ப்பக்க லீவரும் அதில் தேவைப்படும்போது, லாக் காலை விடுவித்துக் கொடுக்கிறது. சி6 என்ற டியூனிங்குக்கு எழுதப்பட்ட பாடங்களை வாசிக்கும்போது இது அடிக்கடி நேரும். பி6 அதைவிட அரை ஸ்வரம் கீழே என்பதால் அந்தப் பாடங்களை ஒரு ஃப்ரெட் மேலே தள்ளி வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் லாக்கை எடுத்துவிட்டு மூடி வையுங்கள். இறக்கும் ஸ்பிரிங்குகளை இரவெல்லாம் இழுபட்ட நிலையில் விட வேண்டாம்.

சோதனையில் இரண்டு அளவுகளும் எவ்வளவு வேறுபட்டன என்பதை எழுதுங்கள். லாக்கின் அமைப்பு தெரியும்படி வாத்தியத்தின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால், எந்தத் திருகைத் தொடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.