விசிலை அவன் கையில் கொடுங்கள்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கூடைப்பந்து கற்றுக்கொடுக்கிறேன். 22 பேர் வருகிறார்கள். விளையாட்டினால் நல்ல குணமும் தலைமைப் பண்பும் வளரும் என்று சொல்லித்தான் பெற்றோரைச் சம்மதிக்கவைத்தேன். ஆனால், கேப்டனாக இருக்கும் 15 வயதுப் பையன், நல்ல ஆட்டக்காரன், யாருக்கும் பந்தைத் தருவதில்லை. சென்ற வாரம் நடுவரிடம் சண்டைக்கே போய்விட்டான். கேப்டன் பொறுப்பைப் பறித்துவிடலாமா?

- ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம், ஐயா. பறித்தால் மறுநாள் வரமாட்டான். அவனுடைய கூட்டாளிகள் நாலு பேரும் நின்றுவிடுவார்கள்.

பெற்றோரிடம் நீங்கள் சொன்னதில் பாதிதான் உண்மை. பந்தைத் தட்டியதாலேயே யாருக்கும் குணம் வந்துவிடாது. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், அடங்காத 18 பேர் கொண்ட வகுப்பைச் சமாளிக்கத்தான் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பீச் பழக் கூடைகளை மாட்டி இந்த விளையாட்டை உருவாக்கினார். முதல் ஆட்டமே அடிதடியில் முடிந்ததாம். 1939இல் வானொலியில் அவரே சொன்னது. அதன் பிறகு விதிகளைக் கூட்டினார். பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடக் கூடாது என்பதுதான் அவற்றில் முக்கியமானது என்றும் சொன்னார். ஓடாதவனை எதற்குப் பாய்ந்து தள்ள வேண்டும்?

உங்கள் பையனுக்கும் புத்திமதி பலிக்காது, விதிதான் பலிக்கும். பயிற்சி ஆட்டத்தில் ஐந்து பேர் கையிலும் பந்து பட்ட பிறகு விழும் கூடைக்குத்தான் புள்ளி என்று வையுங்கள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வான், போகட்டும். கூடை போட்டவன் பாஸ் கொடுத்தவனை விரல் நீட்டிக் காட்ட வேண்டும் என்று வட கரோலினா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டீன் ஸ்மித் பழக்கியிருந்தார். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடுவரோடு சண்டை போட்டவனுக்கு மருந்து நடுவர் வேலை. எனக்குத் தெளிந்தது அப்படித்தான். பள்ளி நாளில் ஒரு போட்டியில் நடுவரைப் பார்த்துக் கத்திவிட்டேன். பி.டி. மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. மறு சனிக்கிழமை, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆட்டத்தில் விசிலைக் கொடுத்து என்னை நிறுத்திவிட்டார். பத்து நிமிடத்தில் நாக்கு வறண்டுவிட்டது. ஒரு பொடியன் லே-அப் போகிறான், அதாவது கூடைக்கு அருகே ஓடிவந்து எம்பிப் பந்தைப் போடுகிறான்; குறுக்கே ஒரு கை வருகிறது. பட்டது பந்திலா, மணிக்கட்டிலா? பத்துப் பேரும் என்னையே பார்க்கிறார்கள். ஃபவுல் என்று ஊதிவிட்டேன். ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு) கிடைக்கவிருந்த அந்தப் பொடியனே வந்து, “அண்ணா, பந்தில்தான் பட்டது” என்றான். அன்றைக்குப் பிறகு எந்த நடுவரிடமும் நான் குரலை உயர்த்தியதில்லை.

கூடவே, சின்னப் பிள்ளைகள் நாலு பேரை அவனிடம் ஒப்படையுங்கள். அவர்களுக்கு 5ஆம் எண் சிறிய பந்து போதும்; வளையத்தை 3.05 மீட்டரிலிருந்து 2.60 மீட்டருக்கு இறக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் சுவரில் கரியால் வட்டம் போடுங்கள். பந்துக்குக் காற்றடிப்பது, மைதானத்தைப் பெருக்குவது, ஒருவன் இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்கே போய் விசாரிப்பது எல்லாம் அவன் பொறுப்பு. நோட்டீஸில் ‘தலைமைப் பண்பு’ என்று கொட்டை எழுத்தில் அச்சிடுகிறார்களே, அது இந்தச் சில்லறை வேலைகள்தான்.

இன்னொன்று. ஓரத்தில் நின்று “நீயே போடுடா!” என்று கத்தும் அப்பா யாராவது இருக்கிறாரா? இருந்தால் ஸ்கோர் ஷீட்டைக் கொடுத்து உட்காரவையுங்கள். யாருக்கு எத்தனையாவது ஃபவுல் என்று குறிக்கத் தொடங்கினால் கத்த நேரம் இருக்காது.