புல்லாங்குழல் படிப்பிக்கும் ஆசிரியரிடமே நாதஸ்வரமும் பழகலாமா?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருதனார்மடத்து நுண்கலைப் பீடத்துக்குப் போக ஆசைப்படும் மகனுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். இராகம், தாளம், கீர்த்தனை எல்லாம் ஒரே ஆசிரியரிடம் படிக்கலாம், அதில் சிக்கல் இல்லை. ஆனால் ஊதும் வேலைக்கு நாதஸ்வரம் வாசிக்கிறவரே வேண்டும்.

புல்லாங்குழலில் உதட்டிலிருந்து வரும் காற்று துளையின் விளிம்பில் மோதித்தான் ஒலி பிறக்கிறது. நாதஸ்வரத்தில் சீவாளி என்ற நாணல் வாய்க்குள் போகிறது, அதன் இரண்டு இதழ்களும் அதிர வேண்டும், உதட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்பதிலேயே சுருதி ஏறும், இறங்கும். குழலுக்குப் பழகிய உதடு இதற்கு உதவாது. கோயில் வீதியில் வித்துவான் வாசிக்கத் தொடங்கும் முன் பக்கத்தில் போய் நின்று பாருங்கள்: சீவாளியை வாயில் ஊறவைத்து, தனியாக ஒருதரம் ஊதிப் பார்த்து, சரிவராவிட்டால் நாதஸ்வரத்திலேயே நூலில் தொங்கும் வேறொன்றை எடுத்து மாட்டுவார். எது இன்றைக்குப் பேசும் என்ற அந்தத் தெரிவைப் புத்தகம் சொல்லித் தராது, மேளக் கச்சேரியில் மணிக்கணக்காக நின்று வாசித்தவருக்குத்தான் அது கைவரும்.

மேல்நாட்டுப் பல்கலைக்கழக இசைத்துறைகளிலும் பெரும்பாலும் இப்படித்தான். புல்லாங்குழல், கிளாரினெட், ஓபோ ஒவ்வொன்றுக்கும் தனி ஆசிரியர், அவர்களில் பலர் மேடையில் வாசிப்பவர்கள். ஓபோ நம்முடைய நாதஸ்வரத்தைப் போலவே இரட்டை நாணல் கருவி, அதனால் அங்கே மாணவர்கள் நாணலைத் தாங்களே சீவவும் பழகுகிறார்கள்.

அளவெட்டி என். கே. பத்மநாதன் போன்றவர்கள் வாசித்த மண் இது. அளவெட்டி, இணுவில் பக்கம் விசாரியுங்கள், வீட்டிலேயே சொல்லித் தருகிறவர்கள் கிடைப்பார்கள்.