தொலைதூர கேலக்ஸிகள் சில அளவுக்கு மீறிச் சிவப்பாக இருப்பது ஏன்? போட்டோ போதாதா, நிறமாலை எதற்கு?

போட்டோ போதாது. நிறமாலை என்றால் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, எந்த நிறம் எவ்வளவு என்று பார்ப்பது. நீங்கள் பள்ளிப் பிள்ளையாகவோ, புராஜெக்ட் தலையில் விழுந்த அப்பாவாகவோ இருப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். நான் வானியலாளர் இல்லை, போச்சம்பள்ளிப் பக்கம் இயற்பியல் வாத்தியார். பிழை இருந்தால் சொல்லுங்கள், "வாத்தியாரே இப்படியா" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

இரண்டு வருடம் முன்பு ஒரு அறிவியல் கண்காட்சியில் என் மாணவி இதைத்தான் செய்தாள். வீட்டில் மாந்தோப்பு. தட்டில் மூன்று மாங்காய் வைத்தாள், மூன்றும் சிவப்பு. ஒன்று செந்தூரா, ஜாதியே அப்படி. இன்னொன்று வெயில் பட்ட பக்கம் சிவந்தது. மூன்றாவதன் மேல் வெறும் செம்மண்.

கேலக்ஸியும் அப்படித்தான். பிரபஞ்சம் விரிவதால் ஒளி நீண்டு சிவக்கலாம். தூசு நீல ஒளியை விழுங்கியிருக்கலாம். நீல நட்சத்திரங்கள் செத்துக் கிழடுகள் மட்டும் மிஞ்சியிருக்கலாம். படத்தில் மூன்றும் ஒரே சிவப்பு. நிறமாலையில் பிரித்துவிடலாம். ஹைட்ரஜன் விடும் 0.656 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) அலைநீளச் சிவப்புக் கோடு 3.94 மைக்ரானில் கிடைத்தால் ஒளி ஆறு மடங்கு நீண்டிருக்கிறது. அந்தக் கோடு ஹைட்ரஜனின் நீலப்பச்சைக் கோட்டைப்போல ஏறக்குறைய 2.86 மடங்கு பிரகாசமாக இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் தூசு. கிழட்டு நட்சத்திரம் என்றால் 0.4 மைக்ரான் அருகே ஒளி படியிறங்கும், அதுவும் இதே கணக்கில் நீண்டு வரும். எல்லாம் அகச்சிவப்பில் விழுவதால், நீராவியும் வெப்பமும் நிறைந்த நம் காற்றைத் தாண்டி 15 லட்சம் கிலோமீட்டரில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி நிற்கிறது.

அது கண்ட 'சின்னச் சிவப்புப் புள்ளிகள்' சிலவற்றை, நட்சத்திரம் செறிந்த பெரிய கேலக்ஸிகள் என்று முதலில் கணக்குப் போட்டார்கள். நிறமாலை எடுத்தால் பலவற்றில் ஹைட்ரஜன் கோடு அகலமாகப் பரந்திருந்தது. வாயு நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது, அதாவது உள்ளே கருந்துளை இருக்கலாம்.

நடுவர் இதையெல்லாம் கேட்கவில்லை. "சிவப்புன்னா தூரம், அவ்வளவுதான். மாங்காய் எதுக்கும்மா?" என்றார். பரிசு தெர்மாகோல் எரிமலைக்குப் போனது. நானும் வாதாடவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. கடைசி பஸ் போய்விடும் என்ற பயம். எங்கள் பக்கம் ஆறரை பஸ்ஸை நிறுத்தி எத்தனை நாளாகிறது, யாராவது கேட்கிறார்களா?

பஸ் ஸ்டாண்டில் அவளே மூன்றையும் நறுக்கி, உப்பு மிளகாய்த்தூள் தொட்டுக் கொடுத்தாள். செம்மண் காய்தான் பல் கூசும் புளிப்பு.