பதில்: கணினி வந்தும் கொப்பியை விடுகிறார்களில்லை

தம்பி, மட்டக்களப்புக் கந்தோரில் கடிதப் பதிவைக் கணினிக்கு மாற்றி 4 மாதமாகியும் எல்லோரும் பழைய கொப்பியிலும் எழுதுகிறார்கள் என்கிறீர்கள். அதைப் பிடிவாதமாக எடுக்காதீர்கள். அம்பாறையில் நான் வேலை செய்த கந்தோரிலும் இதே கதைதான். விசாரித்தால், கணக்காய்வுக்கு வருகிறவர் கொப்பியில் கையொப்பம் கேட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம்! நியாயமான பயம்தானே?

கொப்பியை எந்தத் திகதியோடு நிறுத்துவது என்று மேலதிகாரியிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் சரிவராது, இடமாற்றத்தில் அவர் போனால் அதுவும் போய்விடும். குர்ட் லெவின் என்ற உளவியலாளர் 1947இலேயே சொன்னது, உறைந்த பழக்கத்தை முதலில் இளக்க வேண்டும் என்று.

அப்புறம், கொப்பியை வருடக்கணக்காகப் பார்த்துவந்த அக்காவையே மற்றவர்களுக்குப் பழக்க விடுங்கள். எங்கள் அக்கா முதல் வாரம் மவுஸைத் தொடவே இல்லை. பிறகு, திகதியைப் பிழையாக அடித்தால் எங்களுக்குத்தான் ஏச்சு.