கார்லா ஃப்ராச்சி: கேள்வி பதில்

கேள்வி: கார்லா ஃப்ராச்சி வசதியான வீட்டுப் பெண்ணா?

இல்லை. இந்த இத்தாலியப் பாலே நடனமணி 1936-இல் மிலானில் பிறந்தார். அப்பா டிராம் ஓட்டுநர். பத்து வயதில் அந்த ஊரின் லா ஸ்காலா இசைநாடக அரங்கின் பாலே பள்ளியில் சேர்ந்தார். ஆரம்பத்தில் அந்தப் பயிற்சியில் மனசு ஒட்டவில்லை. அப்புறம் 'தூங்கும் அழகி' பாலேயில் மேண்டலின் பிடித்து ஓரமாக நிற்கும் சின்ன வேடம் கிடைத்தது. நாயகியாக ஆடியவர் புகழ்பெற்ற ஆங்கிலேய நடனமணி மார்கோ ஃபான்டெய்ன். அவரை அவ்வளவு பக்கத்தில் பார்த்த பிறகுதான் நடனம் பிடிபட்டது. 1958-இல் ஸ்காலாவின் முதன்மை நடனமணி ஆனார்.

கேள்வி: சினிமாவில் நடித்தாரா?

1980-இல் 'நிஜின்ஸ்கி' படத்தில் நடனமணி கர்சாவினாவாக வந்தார். 1982-இல் இசையமைப்பாளர் வெர்டி பற்றிய தொலைக்காட்சித் தொடரில் அவருடைய மனைவி ஜுசெப்பினா ஸ்ட்ரெப்போனியாக நடித்தார்.

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. விரல் நுனியில் நின்று ஆடும் நுனிக்கால் காலணி வாங்கலாமா?

வேண்டாம். பாத எலும்பு இன்னும் முற்றவில்லை. பொதுவாகப் பதினொன்று, பன்னிரண்டு வயதுக்குப் பிறகு, கணுக்கால் பலத்தை ஆசிரியர் சோதித்துச் சொன்னால் மட்டும்.

கேள்வி: ஃப்ராச்சியை நல்ல நடிகை என்றும் புகழ்கிறார்கள். அது மிகை. பாலேயில் அபிநயம் எங்கே இருக்கிறது? கால் வேலைதானே?

இதைக் கடுமையாக மறுக்கிறேன். 'ஜிசெல்' பாலேயின் முதல் அங்கத்தின் முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். காதலன் ஏமாற்றியது தெரிந்ததும் அந்தக் கிராமத்துப் பெண்ணுக்குப் புத்தி பேதலிக்கிறது. சற்று முன் பூவிதழ் கிள்ளி 'காதலிக்கிறானா, இல்லையா' என்று பார்த்தவள், இப்போது இல்லாத பூவைக் கிள்ளுகிறாள். சந்தோஷமாக ஆடிய அதே அடிகள் பாதியில் அறுந்து வருகின்றன. இசையும் அப்படியே துண்டு துண்டாகத் திரும்புகிறது. அங்கே காலே சித்தம் கலங்க வேண்டும். ஃப்ராச்சி உலகப் புகழ் பெற்றது இந்த வேடத்தில்தான்.

கேள்வி: என் பிள்ளைக்கு எட்டு வயது. அந்தக் காலணி...

ஏழு வயதுக்குச் சொன்னதுதான் எட்டுக்கும். தயவுசெய்து மேலே படியுங்கள்.

கேள்வி: அபிநயம் பற்றிக் கேட்டவன்தான். நீங்கள் சொல்வது ஒரு காட்சி. அதை வைத்து நடிகை என்றாகிவிடுமா?

சரி, இன்னொன்று. இயக்குநர் ஃபெலினியின் 'லா ஸ்ட்ராடா' படத்தில் ஜெல்சொமினாவாக ஜூலியெத்தா மசீனா வாழ்ந்திருப்பார். 1966-இல் ஸ்காலா அதை நீனோ ரோட்டாவின் இசையில், மாரியோ பிஸ்தோனியின் நடன அமைப்பில் பாலேயாக்கியது. ஜெல்சொமினாவாக ஆடியவர் ஃப்ராச்சி. அப்பாவி, அடிபடுகிறவள், கோமாளி. இளவரசி அழகு எதுவும் உதவாத வேடம். வசனமே இல்லாமல் அதைத் தாங்கியவரை வேறு எப்படி அழைப்பது?

கேள்வி: அவர் ஆடிய நல்ல ஒரு நிமிடத் துண்டு சொல்லுங்கள்.

துண்டு பார்க்காதீர்கள். டென்மார்க் நடனக் கலைஞர் எரிக் ப்ரூனுடன் ஆடிய 1969 'ஜிசெல்' படத்தை முழுசாகப் பாருங்கள். முன்னால் வந்த சந்தோஷத்தைப் பார்க்காதவருக்கு அந்தப் பைத்தியம் புரியாது.

கேள்வி: அபிநயக்காரன் மறுபடியும். பார்த்துவிட்டு வந்து வாதாடலாமா?

தாராளமாக வாருங்கள். காலைப் பாருங்கள், அப்புறம் முகம்.