எரிச்சல் போய்விட்டது, அடைப்பு போகவில்லையே?

கேள்வி: வயது 58. எண்டோஸ்கோப்பியில் ‘பெரிய ஹயாட்டஸ் ஹெர்னியா’ என்று வந்தது. 2 வருடமாக பான்டொப்ரசோல் சாப்பிடுகிறேன். நெஞ்செரிச்சல் இல்லை. ஆனால் நாலு வாய் சாப்பிட்டாலே நெஞ்சு அடைக்கிறது, மூச்சு வாங்குகிறது. குனிந்தால் சாப்பிட்டது தொண்டைக்கு ஏறுகிறது. ரத்தசோகை வேறு. மாத்திரையைத் தொடரச் சொல்கிறார்கள். வேறு வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது. மாத்திரை அமிலத்தை மட்டுமே குறைக்கும். உதரவிதானத்தின் (மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) துளை வழியாக இரைப்பை மார்புக்குள் ஏறுவதுதான் ஹயாட்டஸ் ஹெர்னியா. ஏறிய இரைப்பையை மாத்திரை கீழே இறக்காது. ஏறிய பகுதி சாப்பிட்டதும் உப்பி, இதயத்துக்குப் பின்னால், நுரையீரல் விரிய வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அடைப்பும் மூச்சிரைப்பும் அதனால் வரலாம். என்றாலும் உங்கள் வயதில் இதயத்தை முதலில் பரிசோதித்து, கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ரத்தசோகையை அலட்சியம் செய்யாதீர்கள். துளையின் விளிம்பில் இரைப்பை உரசும் இடத்தில் கீறல் போன்ற புண்கள் வரும். ‘கேமரான் புண்கள்’ என்பார்கள். ரத்தம் கண்ணுக்குத் தெரியாமல் கசிந்து, உடலில் இரும்புச்சத்து தீர்ந்துபோகும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவை ரத்தப் பரிசோதனையில் பாருங்கள். பெருங்குடலில் கசிவு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். பழியெல்லாம் ஹெர்னியா மேல் போட்டுவிடக் கூடாது.

எண்டோஸ்கோப்பி குழாயின் உட்புறத்தைக் காட்டும். இரைப்பையில் எவ்வளவு மேலே போயிருக்கிறது, முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்பதற்கு பேரியம் (எக்ஸ்-ரேயில் வெள்ளையாகத் தெரியும் திரவம்) குடித்து எடுக்கும் எக்ஸ்-ரேயோ சி.டி. ஸ்கேனோ தேவை. அந்தப் படத்துடன், இந்த அறுவையை அடிக்கடி செய்யும் இரைப்பைக் குடல் அறுவை மருத்துவரைப் பாருங்கள். “எனக்கு எந்த வகை ஹெர்னியா? மேனோமெட்ரி செய்வீர்களா?” என்று கேளுங்கள். மேனோமெட்ரி உணவுக்குழாய் தள்ளும் பலத்தை அளக்கும். அறுவையில் இரைப்பையை இறக்கி, துளையைத் தைத்துச் சுருக்கி, இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைப்பார்கள். தள்ளும் பலம் குறைந்தவருக்கு முழுச் சுற்று, அதாவது 360 டிகிரி, போட்டால் விழுங்குவதே சிரமமாகிவிடும். முழுதாகச் சுற்றாமல் 270 டிகிரி போதும் என்று முடிவெடுப்பது அந்த அளவைப் பார்த்துத்தான். பெரிய ஹெர்னியா சில வருடங்களில் திரும்பவும் வரக்கூடும். அதையும் முன்பே பேசிவிடுங்கள்.

அதுவரை: கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே 15 முதல் 20 செ.மீ. உயரக் கட்டை வையுங்கள். தலையணையை அடுக்கினால் இடுப்பு மடிந்து வயிறு அழுந்தும், எதுக்களிப்பு கூடும். இடப்பக்கமாகப் படுங்கள். கடைசி உணவுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேர இடைவெளி வேண்டும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறாகப் பிரியுங்கள். மாத்திரை காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு. சாப்பிட்ட பிறகு போட்டால் பலன் குறையும். மலச்சிக்கலைக் கவனியுங்கள், முக்குவது இரைப்பையை மேலே தள்ளும்.

திடீரென மேல்வயிற்றிலோ நெஞ்சிலோ கடும் வலி, குமட்டிக் குமட்டியும் வாந்தி வராமை, ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம் இவற்றில் எது வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். முதல் இரண்டும் சேர்ந்தால் இரைப்பை முறுக்கியிருக்கலாம். அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

கேள்வி: ஹயாட்டஸ் ஹெர்னியா அறுவை முடிந்து 10 நாள். கெட்டியாக எதுவும் இறங்கவில்லை. தையல் இறுகிவிட்டதா?

பதில்: பெரும்பாலும் வீக்கம்தான், சில வாரங்களில் வடியும். கூழ்ப்பதமாக, சிறு வாயாக, மெதுவாகச் சாப்பிடுங்கள். ரொட்டி, பெரிய இறைச்சித் துண்டு, சோடா வேண்டாம். ஏப்பம் விட முடியாமல் வயிறு உப்புவதும் இந்த நாட்களில் சகஜம். மாத்திரைகளைப் பொடிக்கலாமா என்று மருந்தாளரிடம் கேளுங்கள், எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது. தண்ணீரே இறங்காவிட்டாலும், ஓயாமல் குமட்டினாலும் அன்றே அறுவை செய்த மருத்துவரை அழையுங்கள். குமட்டும் வேகத்தில் தையல் பிரிந்துவிடலாம்.