ஒரே நாளில் புளோரன்ஸ்: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் எட்டு ஆண்டுகள் குடியிருந்தேன். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று எத்தனையோ பேரை ஒரே நாளில் சுற்றிக்காட்டி ரயில் ஏற்றிவிட்டிருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் சில கேள்விகள் இங்கே.

கேள்வி: காலை ரோமில் கிளம்பி இரவு எட்டு மணி ரயிலில் திரும்புகிறோம். உஃபிட்சி ஓவிய மியூசியம், டேவிட் சிலை, கதீட்ரல் குவிமாடம், பழைய பாலம், சூரியன் மறைவது... எல்லாம் முடியுமா அண்ணா?

முடியும். ஆனால் மறுநாள் ஒன்றும் ஞாபகம் இருக்காது. நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: நேரம் குறித்த டிக்கெட் ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். என்னோடு வந்து மூன்றாவது டிக்கெட் எடுத்தவர்கள் அத்தனை பேரும், மூன்றாவது இடத்தில் ஓவியத்தைத் தேடவில்லை, உட்கார பெஞ்சைத் தேடினார்கள்.

வேகமான ரயிலில் ரோமிலிருந்து ஒன்றரை மணி நேரம். பலகையில் புளோரன்ஸ் என்று இருக்காது, 'ஃபிரென்சே' என்றுதான் இருக்கும். சாந்தா மரியா நொவெல்லா நிலையத்துக்கு டிக்கெட் எடுங்கள். கதீட்ரல் அங்கிருந்து பத்து நிமிட நடை. காலையில் டேவிட், சான் லொரென்ட்சோ சந்தைக் கட்டடத்தில் மதியச் சாப்பாடு, அப்புறம் குவிமாடம். மீதி நேரத்துக்குக் கால் போன போக்கில் ஆறு வரை நடந்தாலே போதும், வழியெல்லாம் ஊர்தான். உஃபிட்சிதான் முக்கியம் என்றால் மற்ற டிக்கெட்டை மறந்துவிடுங்கள். அது அரை நாளை விழுங்கும்.

சூரியன் மறைவதைப் பியாட்சாலே மிக்கலாஞ்சலோ மேட்டிலிருந்து பார்க்க வேண்டும். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடும், ஜூனில் ஒன்பது மணி ஆகும். கோடையில் வருகிறீர்கள் என்றால் எட்டு மணி ரயிலை மாற்றுங்கள், அல்லது ஆசையை மாற்றுங்கள்.

கேள்வி: குவிமாடத்துக்கு லிஃப்ட் உண்டா? மாமியாருக்கு முழங்கால் வலி.

கிடையாது. 463 படி, குறுகலான வழி, பாதியில் திரும்பி இறங்குவதும் சிரமம். அவரைக் கீழே கதீட்ரலுக்குள் அழைத்துப் போங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். ஞாயிறன்று பார்வையாளர்களை உள்ளே விடமாட்டார்கள்.

முடிந்தவர்கள் கட்டாயம் ஏறுங்கள். காட்சிக்காக மட்டும் சொல்லவில்லை. கதீட்ரல் வேலை 1296-இல் தொடங்கியது. நூறு வருடத்துக்கு மேல் கழிந்தும் நடுவில் பெரிய ஓட்டை அப்படியே கிடந்தது. ஏறக்குறைய 45 மீட்டர் அகலம். அதை மூட அடியிலிருந்து சென்ட்ரிங் அடிப்பதென்றால் காடு காடாக மரம் வேண்டும். புருனெல்லெஸ்கி சென்ட்ரிங்கே இல்லாமல் எழுப்புகிறேன் என்றார். அவர் பொற்கொல்லராகப் பயிற்சி பெற்றவர். 1420-இல் தொடங்கி 1436-இல் முடித்தார். உள்ளே ஒரு கூடு, வெளியே ஒரு கூடு, நாற்பது லட்சத்துக்கும் மேல் செங்கல். நீங்கள் ஏறுவது இரண்டு கூட்டுக்கும் நடுவில்தான். செங்கல்லைப் படுக்கையாக அடுக்கிக்கொண்டே போகாமல், இடையிடையே நட்டுவைத்து மீன் முள் மாதிரி பின்னியிருப்பார்கள். சுண்ணாம்பு காய்வதற்குள் கல் சரியாமல் அந்தப் பின்னல்தான் பிடித்துக்கொண்டது. சொந்த வீடு கட்டி, கொத்தனார் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த இடத்தில் புல்லரிக்கும். என் சித்தப்பா பத்து நிமிடம் நகரவில்லை, பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

கேள்வி: டேவிட் சிலை ஊர் நடுச் சதுக்கத்திலேயே நிற்கிறதே, பிறகு காசு கொடுத்து எதற்கு அகாடமியா மியூசியம்?

சதுக்கத்தில் நிற்பது 1910-இல் வைத்த நகல். மிக்கலாஞ்சலோ 1501 முதல் 1504 வரை செதுக்கிய அசல், மழையும் வெயிலும் வேண்டாம் என்று 1873-இல் உள்ளே போய்விட்டது. உயரம் 5.17 மீட்டர். அசலில் வலது கையின் நரம்பைப் பாருங்கள், நகலில் அந்தத் துடிப்பு இல்லை. அதே கூடத்தில் பாதி செதுக்கி விட்ட அடிமைகள் சிலைகளும் இருக்கின்றன, கல்லுக்குள்ளிருந்து முண்டிக்கொண்டு வருவதுபோல. டேவிட்டை நோக்கி ஓடுகிறவர்கள் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அவைதான் பிடிக்கும்.

கேள்வி: எங்களுக்குக் கிடைத்தது திங்கட்கிழமை மட்டும்.

அகாடமியா, உஃபிட்சி இரண்டும் திங்களன்று விடுமுறை. குவிமாடம் ஏறுங்கள், மதியம் சாந்தா குரோச்சே தேவாலயம் போங்கள். மிக்கலாஞ்சலோ, கலிலியோ, மாக்கியவெல்லி மூவரும் அங்கேதான் அடக்கம். கவிஞர் தாந்தேவுக்கும் பெரிய கல்லறை உண்டு, உள்ளே ஆள் இல்லை. ஊரை விட்டுத் துரத்தினார்கள், அவர் ரவென்னாவில் இறந்தார், ரவென்னாக்காரர்கள் உடலைத் திருப்பித் தரவே இல்லை.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பழம் மட்டும்தானா?

பட்டினி கிடக்க வேண்டாம். தக்காளியும் பழைய ரொட்டியும் வேகவைத்த 'பாப்பா அல் பொமொதோரோ', பீன்ஸும் கீரையும் ரொட்டியும் சேர்ந்த 'ரிபொல்லீத்தா' இரண்டும் இந்த ஊர்ச் சாப்பாடு. கிட்டத்தட்ட கஞ்சி பதம். இரண்டாவதில் சில கடைகளில் இறைச்சிச் சாறு ஊற்றுவார்கள், "சென்சா கார்னே?" என்று கேட்டுக்கொள்ளுங்கள், இறைச்சி இல்லாததா என்று பொருள். பார்மிஜானோ சீஸில் கன்றின் வயிற்று நொதி சேரும். அது ஆகாதவர்கள் "சென்சா ஃபொர்மாஜ்ஜோ" என்று சொல்லிவிடுங்கள். ரொட்டியில் உப்பே இருக்காது. சமையல்காரர் மறந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள், இந்தத் தொஸ்கானா வட்டாரத்தில் அப்படித்தான்.

தெருவண்டியில் கூட்டம் மொய்க்கும் 'லம்ப்ரெதொத்தோ' மாட்டின் நான்காம் வயிறு. அசைவக்காரர்கள் குடல்கறி பிடிக்கும் என்றால் தயங்காமல் வாங்கலாம்.

பில்லில் 'கொபெர்த்தோ' என்று தலைக்கு ஒரு தொகை இருக்கும். ஏமாற்று இல்லை, உட்கார்ந்ததற்கான கட்டணம். காபியை நின்றபடி குடித்தால் மலிவு.

கேள்வி: பழைய பாலத்தில் தங்கம் வாங்கலாமா?

அக்கா, நம் ஊர் கணக்குப்படி சவரன் கேட்டுப் போகாதீர்கள். அங்கே பெரும்பாலும் 18 காரட், செய்கூலிதான் விலை. 1345-இல் கட்டிய பாலம். முன்பு கறிக்கடைகள் இருந்தன. பாலத்தின் மேல்தளத்தில், ஊரை ஆண்ட மெதிச்சி குடும்பத்தின் தனி நடைவழி போகிறது. கீழிருந்து வந்த நாற்றம் பொறுக்காமல் 1593-இல் கறிக்கடைகளைக் கிளப்பிவிட்டுப் பொற்கொல்லர்களைக் குடியேற்றினார்கள். 1944-இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை ஆற்றின் மற்றப் பாலங்களைத் தகர்த்தது, இதை மட்டும் விட்டுவைத்தது. பார்க்கக் காசில்லை.

கேள்வி: வாடகைக் காரில் வரலாமா?

வேண்டாம். ஊர் நடுவில் அனுமதியில்லாத வண்டி நுழைந்தால் கேமரா படமெடுக்கும். அபராதச் சீட்டு மாதக்கணக்கில் கழித்து ஊருக்கே வந்து சேரும். எனக்குத் தெரிந்த ஒருவர் வழி தெரியாமல் ஒரே தெருவில் மூன்று முறை சுற்றினார், மூன்று சீட்டு வந்தது.

கேள்வி: பிள்ளைகளுக்கு எட்டும் பதினொன்றும். மியூசியம் என்றாலே அழுகிறார்கள்.

தேடும் விளையாட்டாக ஆக்குங்கள். குவிமாடத்தின் உச்சியிலிருந்த செம்புப் பந்து மின்னல் தாக்கி உருண்டு விழுந்த இடத்தில், கதீட்ரலுக்குப் பின்னால் தரையில் ஒரு வெள்ளைப் பளிங்கு வட்டம் உண்டு. 1966 நவம்பர் 4 வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று சுவர்களில் கோடு போட்ட பலகைகள் இருக்கும், தலைக்கு மேலே. பழைய மாளிகைச் சுவர்களில் குட்டி ஜன்னல்கள், அந்தக் காலத்தில் மது விற்றவை. கலிலியோ மியூசியத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் அவருடைய விரல். இதற்கு மட்டும் எந்தப் பிள்ளையும் அழுததில்லை.

ஐஸ்கிரீம் கடையில் பிஸ்தா பளிச்சென்று பச்சையாக இருந்தால் அடுத்த கடைக்கு நடங்கள். நல்ல பிஸ்தா மங்கலாகத்தான் இருக்கும்.

கேள்வி: அங்கே ஓர் இந்திய ராஜாவின் சிலை இருக்கிறதாமே?

இருக்கிறது. கோலாப்பூர் அரசர் ராஜாராம், இருபது வயது. இங்கிலாந்திலிருந்து திரும்பும் வழியில் 1870 நவம்பரில் இங்கே இறந்தார். ஊர் நடுவே ஓடும் ஆர்னோ ஆறும் முஞ்ஞோனே என்ற சிற்றாறும் கூடும் இடத்தில், நம் வழக்கப்படி எரியூட்ட அனுமதி கொடுத்தார்கள். அங்கே மண்டபத்துக்குள் அவருடைய மார்பளவுச் சிலை நிற்கிறது. பக்கத்துப் பாலத்துக்கே 'இந்தியர் பாலம்' என்று பெயர். காஷினே பூங்காவின் கடைக்கோடி, போய்வர இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள்தான் என்றால் நான் கூட்டிப் போகமாட்டேன். இரவு தங்குகிறீர்கள் என்றால் மறுநாள் காலை, வெயிலுக்கு முன் போய்விடுங்கள்.